மறுமொழி இல்லாத கடித இலக்கியம்: கருத்து மாறுபட்ட நண்பர்களின் மடல்களும் தமிழாய்வும்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் 'கடித இலக்கியம்' என்றொரு சிறு பகுதி உண்டு. அதில் இடம்பெறும் பெயர்களும் ஏறத்தாழ ஒன்றே. நேரு தம் மகளுக்கு எழுதிய மடல்களின் தாக்கம் முதலில் குறிக்கப்பெறும். அடுத்து மு. வரதராசனாரின் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' ஆகியவை வரும். பின்னர், அறிஞர் அண்ணா தம் இதழ்களில் தம்பியரை விளித்து எழுதியவையும், கலைஞர் 'உடன்பிறப்பே' என விளித்து முரசொலியில் எழுதியவையும் சுட்டப்பெறும். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதியவை ஒரு வரியில் சேர்க்கப்படுவதும் உண்டு. அத்துடன் அப்பகுதி நிறைவுறும். ஆய்வேடுகளும் இப்பட்டியலையே எல்லையாகக் கொண்டு, நடை, உத்தி, சமுதாயச் சிந்தனை எனப் பகுத்துக் காண்பதோடு அமைகின்றன.

இந்நூல்களின் சிறப்பு மறுக்கத்தக்கதன்று. மறுக்க வேண்டுவது இவற்றைக் கொண்டு வகுக்கப்பட்ட வரையறையையே. பட்டியலின் பெரும்பகுதியில் ஒரு பொதுக்கூறு காணப்படுகிறது. தந்தை மகளுக்கு எழுதுகிறார்; அண்ணன் தம்பிக்கு எழுதுகிறார்; தலைவர் தொண்டருக்கு எழுதுகிறார். பேசுபவர் ஒருவர், கேட்பவர் மற்றவர். மு.வ.வின் மடல்களில் எழுதுபவரும் பெறுபவரும் கற்பனை மாந்தரே. நண்பருக்கு எழுதப்பட்டதாக அமைந்த நூலிலும் அறிவுரையே மேலோங்குகிறது. பெறுபவர் மறுத்து எழுதினாரா, வருந்தினாரா, மடலைக் கிழித்தெறிந்தாரா என்னும் வினாக்களுக்கு இவ்வகை மடல்களில் இடமே இல்லை. ஒருவர் மட்டும் பேசும் இவ்வடிவம் உண்மையில் கட்டுரையின் ஒரு கிளை. கடிதம் என்பது அதன் விளியளவில் மட்டுமே. இதனையே கடித இலக்கியத்தின் இலக்கணமாகக் கொண்டதனால், மறுமொழியை வேண்டி எழுதப்பட்டு மறுமொழி பெற்ற மடல்கள் தமிழாய்வின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டன.

அவற்றுள்ளும் பெரிதும் புறக்கணிக்கப்பட்டவை, அடிப்படைக் கொள்கையில் மாறுபட்ட நண்பர்கள் தமக்குள் எழுதிக்கொண்டவை. அவை இலக்கியமாகவும் கொள்ளப்படுவதில்லை. ஆவணமாகவும் முழுமையாக வாசிக்கப்படுவதில்லை. மேற்கோளுக்கு ஒரு வரி பெயர்த்தெடுக்கும் கற்சுரங்கமாகவே பயன்படுகின்றன. இந்நிலை மாற வேண்டும் என்பதும், அம்மடல்களை இரு குரல்களும் ஒலிக்கும் ஒரே பனுவலாகக் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மரபு வகுத்த இலக்கணம்

நட்பைப் பற்றித் தமிழ் மரபு கூறுவனவற்றைக் கற்றோர்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது. திருக்குறள் நட்பிற்கென ஓர் அதிகாரத்தோடு அமையாமல், நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்களை வகுக்கிறது. இன்முகம் காட்டுதலன்று, வழிதவறும்போது இடித்துரைத்தலே நட்பின் பயன் என்பது அங்கு நிறுவப்பெறுகிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிற் காணாமலே கொண்ட நட்பு, தொலைவு நட்பைக் குறைப்பதன்று என்பதற்கு இன்றளவும் சான்றாகக் காட்டப்பெறுகிறது. சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் பாணபத்திரரைப் பரிந்துரைத்து விடுத்ததாகப் போற்றப்பெறும் திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. தூது இலக்கியமும் சீட்டுக்கவியும் வேறு காணப்படுகின்றன.

இடித்துரைத்தலை நட்பின் கூறாகக் கொண்ட மரபு, அவ்விடித்துரை எழுத்தில் நிகழும் இடத்தைத் தனித்து ஆராய்ந்திருக்க வேண்டும். ஆனால் பாடநூல்கள் அறிவுரை மடல்களைப் போற்றின. இடித்துரைக்கும் மடல்களை மறந்தன. அறிவுரை ஒருவழிப்பட்டது. இடித்துரையோ மறுத்துரைக்கப்படும் வாய்ப்பைத் தன்னுள் கொண்டது. இவ்வேறுபாட்டை உணராத வகைமைப் பகுப்பு மரபையும் உணர்ந்ததாகாது.

தாகூர் – காந்தி மடல்கள்

இவ்வகை மடல்களை எவ்வாறு வாசிப்பது என்பதற்கு இந்திய அளவில் மிகத் தெளிவான சான்று, தாகூரும் காந்தியடிகளும் எழுதிக்கொண்டவை. 1915 மார்ச்சில் சாந்திநிகேதனில் தொடங்கிய அவர்களது நேர்ப்பழக்கம் 1941 ஆகஸ்டில் தாகூர் மறையும் வரை நீடித்தது. அவர்களது மடல்களும் கட்டுரைகளும் 1961இல் நவஜீவன் வெளியீடாகவும், 1997இல் சப்யசாச்சி பட்டாச்சார்யாவால் பதிப்பிக்கப்பெற்று நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகவும் தொகுக்கப்பட்டன. இருவரின் எழுத்தும் ஒருங்கே வைக்கப்பட்டமையாலேயே அத்தொகுப்புகள் பயனுடையவாயின.

1919 ஏப்ரல் தொடக்கத்தில், ரௌலட் சட்டத்திற்கு எதிரான போராட்டத்திற்குத் தாகூரின் கருத்தைக் காந்தியடிகள் மடல்வழி வேண்டினார். தாகூர் ஏப்ரல் 12ஆம் நாள் விடை எழுதினார். அது வாழ்த்துச் செய்தியாக அமையவில்லை. ஆற்றல் எவ்வடிவில் அமைந்தாலும் அறிவுக்குக் கட்டுப்படாதது. அமைதிவழி எதிர்ப்பும் ஓர் ஆற்றலே. அது உண்மைக்கு ஆதரவாகவும் உண்மைக்கு எதிராகவும் பயன்படக்கூடும் என்னும் எச்சரிக்கையை அது தாங்கியிருந்தது. மறுநாள் ஜாலியன்வாலாபாக்கில் படுகொலை நிகழ்ந்தது. மே மாத இறுதியில் தாகூர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்து அரசப் பிரதிநிதிக்கு எழுதினார். ஏப்ரல் மடலை மட்டும் எடுத்துக் காட்டித் தாகூரைப் போராட்டத்தின் எதிர்ப்பாளர் என்று கூறலாம். மே மடலை மட்டும் எடுத்துக் காட்டி அவரைப் போராட்டத்தின் முன்னோடி என்றும் கூறலாம். இரண்டும் அரை உண்மைகளே. அரசின் வன்முறையை வெறுத்தவரே மக்கள் திரளின் ஆற்றலையும் அஞ்சினார் என்பது இரண்டையும் சேர்த்து வாசிப்போர்க்கே புலனாகும்.

1921இல் முரண் கூர்மையடைந்தது. அமெரிக்காவிலிருந்த தாகூர், ஒத்துழையாமை இயக்கம் பற்றிய தம் ஐயங்களை இருவருக்கும் பொது நண்பரான சி.எஃப். ஆண்ட்ரூசுக்கு மார்ச் மாதத்தில் எழுதினார். அம்மடல்கள் மே மாத 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் வெளிவந்தன. காந்தியடிகள் ஜூன் 1ஆம் நாள் 'யங் இந்தியா'வில் விடையளித்தார். செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தா ஜோராசங்கோ இல்லத்தில் ஆண்ட்ரூஸ் உடனிருக்க இருவரும் நெடுநேரம் உரையாடினர். உரையாடல் வேறுபாட்டைத் தீர்க்கவில்லை. அடுத்த மாதமே தாகூரின் நீண்ட கட்டுரையும் காந்தியடிகளின் நீண்ட மறுப்பும் அச்சேறின. நண்பருக்கு எழுதும் மடல், நண்பரைப் பற்றி மூன்றாமவருக்கு எழுதும் மடல், பொது இதழில் எழுதும் கட்டுரை ஆகிய மூன்றும் ஒரே நிலைப்பாட்டை மூன்று வெப்பநிலைகளில் வெளியிடுவன. ஆண்ட்ரூசுக்கு எழுதியதைக் காந்தியடிகளுக்கே எழுதியதுபோல மேற்கோள் காட்டும் ஆய்வாளர் வாசகரைத் தவறான வழியில் செலுத்துபவராவார்.

1925 செப்டம்பரில் தாகூர் கைராட்டை வழிபாட்டைக் கடுமையாக விமர்சித்தார். நவம்பர் 5ஆம் நாள் காந்தியடிகள் விடை எழுதியபோது, தாகூரின் விமர்சனத்திற்குப் பொறாமையே காரணம் என்று தம் தரப்பினர் சிலர் பேசியதை எடுத்துக்காட்டி, அது அடிப்படையற்ற ஐயம் என்று கண்டித்தார். எதிர்வாதத்தை மறுப்பதற்கு முன் எதிர்வாதியின் நேர்மையைத் தம் ஆதரவாளரிடமிருந்து காத்தல் என்னும் இச்செயல், வாத முறையின் ஒரு பகுதி.

திருநெல்வேலி உரையும் தாகூரின் வினாவும்

தமிழாய்வாளர் தனிக்கவனம் செலுத்த வேண்டிய நிகழ்வு 1934இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் கொடிய நிலநடுக்கம் ஏற்பட்டது. தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் ஆற்றிய உரையில், அந்நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்றார். செய்தியை இதழ்களில் கண்ட தாகூர் ஜனவரி 28ஆம் நாள் காந்தியடிகளுக்கு ஒரு மடலும் அதனுடன் ஒரு மறுப்புரையும் விடுத்தார்.

அம்மடலின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. இதழ்ச் செய்தியைத் தம்மால் எளிதில் நம்ப இயலவில்லை என்று தாகூர் முதலில் கூறுகிறார். அதுவே காந்தியடிகளின் உண்மைக் கருத்தாயின் அதனை மறுக்காமல் விடலாகாது என்று அடுத்துக் கூறுகிறார். செய்தி சரியானதாயின் இணைத்துள்ள மறுப்பை இதழ்களுக்கு அனுப்புமாறு காந்தியடிகளையே வேண்டுகிறார். உண்மையல்லாத செய்தியை அடிப்படையாகக் கொண்டு அவரை விமர்சிக்கத் தாம் விரும்பாமையால், தாமே வெளியிடவில்லை என்றும் விளக்குகிறார். மறுப்புரை மென்மையானதன்று. இயற்கை நிகழ்வை அறநெறியோடு பிணைக்கும் இவ்விளக்கம் அறிவியலுக்கு மாறானது. நாட்டு மக்களுள் பெரும்பகுதியினர் இத்தகைய விளக்கத்தை உடனே ஏற்கும் மனநிலையில் இருத்தலால் மேலும் தீங்கானது. காந்தியடிகளின் எதிரிகளான வைதிகர்களும் இதே ஏரணத்தைக்கொண்டு, இறைச்சினத்திற்குக் காரணம் அவரும் அவர் இயக்கத்தினருமே என்று கூறிவிட முடியும் என்பன அதன் வாதங்கள்.

காந்தியடிகள் அம்மறுப்பைப் பிப்ரவரி 16ஆம் நாளிட்ட 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டு, அவ்விதழிலேயே தம் விடையையும் எழுதினார். தம் கருத்திலிருந்து அவர் பின்வாங்கவில்லை. பருப்பொருள் நிகழ்வுகளுக்கும் மனிதரின் அறவாழ்வுக்கும் தொடர்பு உண்டென்பது தம் நம்பிக்கை என்றார். அது பிழையான நம்பிக்கையாக இருப்பினும் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டும் அளவில் நன்மையே தரும் என்றார்.

இவ்விவாதத்தில் அறிவியல் தாகூரின் பக்கமே நிற்கிறது. நிலநடுக்கத்தில் மாண்டவருள் தீண்டாமைக்கு ஆட்பட்டவரும் இருந்திருப்பர் என்னும் எளிய உண்மை ஒன்றே காந்தியடிகளின் விளக்கத்தைத் தகர்க்கப் போதுமானது. ஆனால் யார் வென்றார் என்பதோடு வாசிப்பு முடிந்துவிடுவதில்லை. தாக்குவதற்கு முன் உறுதிசெய்தல். தாக்குதலை அதற்குரியவரிடமே ஒப்படைத்தல். பெற்றவர் தமக்கு எதிரான எழுத்தைத் தம் இதழிலேயே அச்சிடுதல். அதன் பின்னும் இருவரும் தத்தம் நிலையில் நிற்றல் என்னும் நான்கு செயல்களும் அப்பனுவலின் பொருளிற் பங்குடையன. காந்தியடிகளின் தமிழகப் பயணங்களைப் பற்றி எழுதுவோர் திருநெல்வேலி உரையை இம்மடலோடு இணைத்து வாசித்தல் வேண்டும். உரையை மட்டும் குறிப்பது நிகழ்வின் ஒரு பாதியையே குறிப்பதாகும்.

நிலநடுக்க விவாதம் நிகழ்ந்து ஈராண்டுகளுக்குப் பின், 1936இல், விசுவபாரதியின் நிதிக்குறையைப் போக்குதற்பொருட்டு முதிய தாகூர் கலைக்குழுவோடு ஊர் ஊராகச் செல்வதைக் கண்டு வருந்திய காந்தியடிகள், 60,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார். 1940 பிப்ரவரியில் சாந்திநிகேதனிலிருந்து விடைபெற்ற காந்தியடிகளின் கையில் தாகூர் ஒரு மடலைக் கொடுத்தார். தமக்குப்பின் விசுவபாரதியைக் காக்குமாறு வேண்டிய மடல் அது. கைராட்டையிலும் கல்வியிலும் ஒத்துழையாமையிலும் தம்மோடு மாறுபட்ட ஒருவரிடமே தாகூர் தம் வாழ்நாட் பணியை ஒப்படைக்க முன்வந்தார். அந்நிறுவனம் 1951இல் மையப் பல்கலைக்கழகமாயிற்று.

தம்மைக் குற்றஞ்சாட்டிய மடலை அச்சிட்டவர்

இவ்வொழுகலாறு இவ்விருவர்க்கு மட்டும் உரியதன்று. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதனைக் கொணர்ந்தவர் நேரு. காந்தியடிகள் அத்தீர்மானத்தைக் குறைகூறி எழுதினார். 1928 ஜனவரியில் நேரு சினம் மிக்க மடலொன்று விடுத்தார். தமக்கும் அவருக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது என ஒப்புக்கொண்ட காந்தியடிகள், அதனை மறைக்காமல் நாட்டுக்கு வெளிப்படுத்தலாம் என்றும், அதற்கேற்ப வெளியிடத்தக்க மடலொன்று எழுதுமாறும் அவருக்குப் பரிந்துரைத்தார். நேருவே அவ்வெல்லைக்குச் செல்ல விரும்பவில்லை.

1939 மார்ச் 28ஆம் நாள் சுபாஷ் சந்திரபோஸ் நேருவுக்கு மிக நீண்ட தட்டச்சு மடலொன்று எழுதினார். திரிபுரி மாநாட்டையொட்டிய நெருக்கடியில் நேரு நடந்துகொண்ட முறையை வரிக்கு வரி குற்றஞ்சாட்டும் மடல் அது. நேரு ஏப்ரல் 3ஆம் நாள் விடை எழுதினார். 1958இல் தமக்கு வந்த பழைய மடல்களைத் தாமே தேர்ந்து நூலாக்கியபோது, போஸின் அம்மடலையும் நேரு அதில் சேர்த்தார். அப்போது அவர் நாட்டின் தலைமையமைச்சர். போஸ் உயிரோடு இல்லை. மடலை விட்டுவிட்டிருப்பின் எவரும் வினவியிருக்கப்போவதில்லை. தம் தலைவர்களின் மடல்களைத் தொகுப்போர் அத்தலைவருக்கு வந்த கண்டன மடல்களையும் சேர்க்கும் துணிவு பெற வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி இல்லை.

இருவகைப் பிழை வாசிப்பு

கருத்து மாறுபட்ட நண்பர்களின் மடல்களைத் தமிழாய்வு அணுகும்போது இரு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, முகத்திரை கிழிக்கும் வாசிப்பு. மேடையில் ஒன்றும் மடலில் ஒன்றும் கூறினார் என்று காட்டி, மடலில் உள்ளதே உண்மை முகம் என முடிவுகட்டுவது இது. தனி மடலில் காணும் தயக்கத்தையும் கனிவையும் கொள்கைத் துரோகமாகக் கொள்வது, கேட்போரை நோக்கிப் பேச்சு மாறும் என்னும் எளிய இலக்கணத்தையும் அறியாமையாகும். தொல்காப்பியம் கேட்போரையும் இடத்தையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணியிருக்க, மடலை அவற்றிலிருந்து பிரித்து வாசிப்பதைத் தமிழாய்வு என்று சொல்லலாகாது.

இரண்டாவது, முதலாவதினும் தீங்கானது. அது நாகரிகம் போற்றும் வாசிப்பு. 'கொள்கையில் மாறுபட்டாலும் நட்பில் மாறாதவர்கள்' என்னும் ஒரு தொடரைக் கூறிவிட்டு, அம்மாறுபாடு எது, அது யாரைப் பாதித்தது என்பதைக் கூறாமலே செல்வது இவ்வாசிப்பு. இராஜாஜி – பெரியார் நட்பைப் பற்றிய எழுத்துகளிற் பல இத்தகையன. சேலத்திலும் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்து நண்பர்களான இருவர். 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறியவர் ஒருவர். 1938இல் மற்றவர் தலைமையிலான ஆட்சியில் இந்தி எதிர்ப்பிற்காகச் சிறை சென்றவரும் அவரே. 1953இல் கொணரப்பட்ட கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி எனக் கண்டித்து எதிர்த்தவரும் அவரே. இவ்வளவு நெடிய, மக்களின் கல்வியையும் மொழியையும் பற்றிய மோதல் முழுவதும், 1972 டிசம்பரில் இராஜாஜியின் இறுதிச் சடங்கிற்குப் பெரியார் 93 வயதில் நேரிற் சென்றார் என்னும் ஒரு காட்சிக்குள் கரைக்கப்படுகிறது. 1949 மே மாதம் திருவண்ணாமலையில் இருவரும் சந்தித்துப் பேசியது பல பத்தாண்டுகள் ஊகங்களுக்கே இடமாயிற்று. ஊகம் அரசியல் மேடைக்கு உரியது, ஆய்வுக்கு உரியதன்று. இருவரும் மோதியது எதற்காக என்பதை மறக்கச் செய்யும் நட்புப் புகழ்ச்சி, மோதலையும் மதிக்கவில்லை, நட்பையும் மதிக்கவில்லை. எளிய வேறுபாட்டைக் கடந்த நட்பில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எழக்கூடிய மறுப்பு

இங்கு வலிமையான மறுப்பொன்று எழக்கூடும். இம்மடல்கள் கல்வியும் செல்வாக்கும் உடையோர் தமக்குள் எழுதிக்கொண்டவை. அவர்களின் பண்பட்ட மொழி, அவ்வுரையாடலில் இடம்பெறாதோரின் வலியை மறைக்கிறது என்பது அம்மறுப்பு. இதனை எளிதில் ஒதுக்கலாகாது. 1932இல் நிகழ்ந்தது இம்மறுப்பிற்குத் தக்க சான்றாகிறது.

ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வழங்கிய அறிவிப்பை எதிர்த்துச் செப்டம்பர் 20ஆம் நாள் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். அன்று விடியற்காலை மூன்று மணிக்குத் தாகூருக்கு எழுதிய மடலில், வாழ்த்த இயலுமாயின் வாழ்த்துமாறும், ஏற்க இயலாவிடின் வெளிப்படையாக விமர்சிக்குமாறும் வேண்டினார். மடலைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கும் வேளையில் தாகூரின் ஆதரவுத் தந்தி வந்து சேர்ந்தது. விமர்சனத்தைக் கேட்ட மடல் சென்றடையுமுன்பே ஒப்புதல் வந்துவிட்டது. செப்டம்பர் 24இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 26ஆம் நாள் நோன்பு முடிந்தபோது தாகூர் அருகிருந்தார். மறு ஆண்டு, தாம் அவசரத்தில் ஆதரவளித்ததாகவும் வங்காளத்திற்கு அநீதி நேர்ந்ததாகவும் தாகூர் வருந்தினார். அன்பும் நம்பிக்கையும் அவரைத் தவறான ஒப்புதலுக்கு இட்டுச்சென்றதாக அறிந்து தாம் துயருற்றதாகக் காந்தியடிகள் எழுதினார். எனினும் ஒப்பந்தத்தில் பிழை உண்டென ஏற்கவில்லை.

நட்பு இங்கு இடித்துரைக்கத் தவறியது. அதனினும் முதன்மையானது வேறொன்று. வங்காளத்திற்கு நேர்ந்த அநீதி என்று பேசப்பட்டது அம்மாகாணச் சாதி இந்துக்களின் இடங்கள் குறைந்ததையே. தனித்தொகுதி உரிமையை இழந்தவர்களோ, அவர்களுக்காக வாதாடிய அம்பேத்கரோ அம்மடற்போக்குவரத்தில் ஒரு குரலாக இல்லை. மறுப்புரைப்போர் கூறுவது இவ்வளவில் முற்றிலும் உண்மை.

ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு அம்மடல்களை ஒதுக்குவது ஆகாது. நட்பு எங்குத் தவறியது, யாரை விலக்கியது என்பதை நாம் அறிவது அம்மடல்களைக் கொண்டே. தந்தியை மட்டும் வைத்திருப்போர் தாகூரின் ஆதரவை அறிவர். மடலின் நாளையும் வேளையையும் தந்தியோடு சேர்த்து வைத்திருப்போரே, கேட்கப்பட்ட விமர்சனம் வழங்கப்படாமற் போனதை அறிவர். விலக்கப்பட்டோரின் குரலைத் தேடுவதற்கும் முதற்படி, பேசியோர் எவற்றைப் பேசாமல் விட்டனர் என்பதைக் காட்டும் முழுமையான பதிப்புகளே.

விளியும் முடிப்பும்

தமிழ் மடல்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் மடலின் தலைப்பகுதியும் முடிவும் வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல. தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி இடுவதும் இடாததும் ஒரு நிலைப்பாடு. 'ஸ்ரீ' என எழுதுவதற்கும் 'திரு' என எழுதுவதற்கும், 'தோழர்' என விளிப்பதற்கும் இடையே இருபதாம் நூற்றாண்டின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. 'நமஸ்காரம்' என்பார்க்கு 'வணக்கம்' என மறுமொழி விடுப்பது, ஒரு சொல்லும் வாதிடாமல் வாதிடுவதாகும். பொது ஆண்டோடு 31ஐக் கூட்டித் திருவள்ளுவர் ஆண்டால் நாளிடுவாரும் உளர். தமிழ் ஆண்டின் பெயரால் நாளிடுவாரும் உளர். கொள்கை மாறுபட்ட நண்பர், மற்றவர் மனம் நோகாமலும் தம் கொள்கை குன்றாமலும் எவ்வாறு விளித்தார் என்பதிலேயே நட்பின் இறுக்கமும் நெகிழ்வும் வெளிப்படும். தாகூரை 'குருதேவ்' என்றும் காந்தியடிகளை 'மகாத்மாஜி' என்றும் விளித்த வழக்கம் கடும் விவாதங்களுக்கிடையிலும் நிலைத்தது என்பதை நாம் அறிவது, பதிப்பாசிரியர்கள் விளியை நீக்காமையால்தான். 'வழக்கமான நலவிசாரிப்புகள் நீக்கப்பட்டன' என்னும் குறிப்போடு தலையும் காலும் வெட்டி மடல்களை அச்சிடுவோர், திரிபு நிகழும் இடத்தையே வெட்டி எறிகின்றனர். அக்குறிப்பும் இன்றி வெட்டுவோரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

ஒருபக்கத் தொகுப்புகள் தோன்றுவதேன்?

இக்குறைக்குப் பதிப்பாசிரியரின் மனச்சாய்வு மட்டும் காரணமன்று. மடலின் இயல்பே ஒரு காரணம். எழுதியவரின் குரல் பெற்றவரின் வீட்டில் தங்கிவிடுகிறது. உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைப் பேணி வைத்தமையால், ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018இல் வெளிவந்த 'கடிதக் கருவூலம்' அவருக்குப் பிறர் எழுதியவற்றை நமக்கு அளிக்கிறது. கி. ராஜநாராயணன் பாதுகாத்தமையால் கு. அழகிரிசாமி அவருக்கு எழுதியவை நூலாயின. இவை பெருஞ்செல்வங்கள். ஆயினும் ஒரு வீட்டைத் திறந்தால் ஒரு குரலே கிடைக்கும்; இரு குரல்களுக்கும் இரு வீடுகளைத் திறக்க வேண்டும்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. தாள் பெற்றவருக்கு உரியது. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராத எழுத்திற்கு உரிமைக்காலம் அது முதலில் வெளியான ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அக்காலம் இன்று அறுபது ஆண்டுகள். எனவே எழுதியவர் மறைந்து பல காலம் ஆயினும், அச்சேறாத மடல் தானாகப் பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை. கருத்து மாறுபட்ட இருவரின் குடும்பங்கள் இரண்டிலும் இசைவு பெறுவது கடினம் எனக் கருதும் பதிப்பாசிரியர், ஒரு குடும்பத்தின் இசைவோடு அமைந்துவிடுகிறார். அக்குடும்பமோ, அவ்வியக்கமோ விரும்பாதது விலக்கப்படுகிறது. தனிமனிதர் தீர்க்கவியலாத இச்சிக்கலைத் தீர்க்கும் நிலையில் இருப்பவை பல்கலைக்கழகத் துறைகளே.

செய்ய வேண்டுவன

கடித இலக்கியத்தின் வரையறை மறுமொழியை உள்ளடக்கித் திருத்தப்பட வேண்டும். அறிவுரை மடல்களை 'மடல் வடிவக் கட்டுரை' எனத் தனியே வகுப்பதால் அவற்றின் பெருமைக்கு இழுக்கில்லை. இருவரின் மடல்களும் நாள்வரிசையில் ஊடாடித் தொகுக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் கிடைக்காவிடின் அவ்விடம் வெற்றிடம் என்று குறிக்கப்பட வேண்டும். நீக்கிய இடம் ஒவ்வொன்றும் புலப்பட வேண்டும். நண்பருக்கு எழுதியது, நண்பரைப் பற்றிப் பிறர்க்கு எழுதியது, வெளியிடும் நோக்கில் எழுதியது, எழுதியும் அனுப்பாதது என்னும் பாகுபாடு பேணப்பட வேண்டும். உயிரோடு இருப்போரையும் பொதுவாழ்வில் இல்லாதோரையும் குறித்த செய்திகளைக் காத்தல் அறம். ஆனால் அவ்வறத்தைத் தலைவரின் தவற்றை மறைக்கும் திரையாக்கலாகாது.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இதில் சிறப்பான பொறுப்புண்டு. வங்காளியிலும் மலையாளத்திலும் இந்தியிலும் உள்ள மடற்றொகுப்புகள் அவற்றின் அண்டை வீட்டுச் செல்வங்கள். அவற்றை நேரடியாகத் தமிழாக்குவதும், தமிழறிஞர்கள் பிறமொழி நண்பர்களுக்கு எழுதியவற்றை அந்தந்த ஊர் ஆவணக் காப்பகங்களில் தேடுவதும் அத்துறைகளாலேயே இயலும். நூறு ஆய்வேடுகள் ஒரே பட்டியலை மீண்டும் மீண்டும் வகைப்படுத்துவதைக் காட்டிலும், ஓர் ஆய்வேடு இரு நண்பர்களின் மடற்போக்குவரத்தை முழுமையாகப் பதிப்பிப்பது பெரும்பணியாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தாள்கள் அமிலம் ஏறி உதிர்ந்துகொண்டிருக்கின்றன. மடல் எழுதும் தலைமுறையும் அருகிவிட்டது. மாற்றுக்கருத்தாளரைப் பகைவராகக் காண்பதே இயல்பாகிவிட்ட பொதுவெளியில், கருத்தை விடாமலும் நண்பரை விடாமலும் வாதிட்டோரின் எழுத்துச் சான்றுகள் பழம்பெருமைக்காக அல்லாமல் பயிற்சிக்காகத் தேவைப்படுகின்றன. அச்சான்றுகளின் ஒரு பாதியை மட்டும் அச்சிட்டுவிட்டு அதனைத் தொகுப்பென்று அழைக்கும் வழக்கத்தைத் தமிழ்த்துறைகள் இனியும் ஏற்றுக்கொள்ளலாகாது.